மார்கழிக் குளிருக்கு ஒரு துப்பாக்கி உறை

படையில் என்னோடு ஒரே பட்டாலியனில் இருந்து, எனக்கு நான்கு ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்ற பாலக்கோட்டுத் தம்பி ஒருவர் போன வாரம் கைபேசியில் அழைத்தார். சிம்லா பக்கத்தில் ஆப்பிள் கிடங்கு வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு ஆயுதம் தாங்கிய பாதுகாவலராக அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. உரிமத்தை நாடு முழுவதற்கும் செல்லும்படி மாற்றி வாங்கிவிட்டார். ரிவால்வரும் கைக்கு வந்துவிட்டது. “அண்ணா, எல்லாம் ஆச்சு. ஹோல்ஸ்டர் மட்டும் எதை வாங்கறதுன்னு தெரியல. அங்க ஆறு மாசம் கோட்டைக் கழட்டவே முடியாதாமே” என்றார்.

அன்று அவருக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் முன்னாள் படைவீரர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களில் பலர் உரிமம் பெற்ற ஆயுதத்தோடு காவல் வேலைக்குப் போகிறார்கள். துப்பாக்கியை வாங்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கிறவர்கள், அதைச் சுமக்கும் உறையை மட்டும் கடையில் தொங்குவதில் ஏதோ ஒன்று என்று எடுத்து வந்துவிடுகிறார்கள். குளிர் காலத்தில் அந்த அலட்சியம் என்ன செய்யும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எனக்கும் என் அண்ணனுக்கும் இராயக்கோட்டையில் தக்காளி மண்டி. விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை எடுத்துக்கொண்டு விடியற்காலை நான்கு மணிக்கு நான் பைக்கில் கிளம்ப வேண்டும். அதற்காகத்தான் உரிமம் வாங்கினேன். என்னிடம் இருப்பது கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர்: ஆறு தோட்டா, 3 அங்குலக் குழல், சுமார் 700 கிராம் எடை. படையில் பழகிய 9 மி.மீ. பிஸ்டல் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம் என்பதால் நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது இந்த .32தான்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டு நிலத்துக் குளிரை வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளிக்கு வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே குட்டி இங்கிலாந்து என்று பெயர். மார்கழி, தை விடியலில் 13, 14 டிகிரிக்கு இறங்கும் குளிரில், பனிமூட்டத்துக்குள் பைக் ஓட்டினால் விரல் கணுக்கள் மடங்காது. ஆனால் நம் குளிருக்கு ஒரு குணம் உண்டு. காலை ஒன்பதரைக்குள் வெயில் ஏறிவிடும். பத்து மணிக்கு மண்டியில் ஜெர்கினோடு நிற்க முடியாது. அதாவது, குளிருக்காகப் போட்டுக்கொண்டதை ஒவ்வொரு நாளும் நான்கைந்து மணி நேரத்துக்குள் கழற்றியே தீர வேண்டும்.

ஜெர்கினைக் கழற்றும் அந்த ஒரு நிமிடத்தில்தான் நான் பாடம் படித்தேன். உரிமம் வாங்கிய முதல் மார்கழியில், இடுப்பில் கட்டினால் ஜெர்கினும் ஸ்வெட்டரும் தடுக்கின்றன என்று, ரிவால்வரை ஒரு மெல்லிய துணி உறைக்குள் போட்டு ஜெர்கினின் உள்பையில் வைத்துக்கொண்டேன். எடுக்க எளிதாக இருந்தது, வெளியே துருத்தவில்லை, நல்ல ஏற்பாடு என்றே நினைத்தேன். ஒரு நாள் ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது வியர்த்தது. ஜெர்கினைக் கழற்றி, மண்டித் தூணில் அடித்திருந்த ஆணியில் மாட்டிவிட்டுக் கணக்கு எழுதப் போய்விட்டேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, கிரேட் இறக்க வந்த பையன் ஒருவன், பதினைந்து பதினாறு வயதுதான் இருக்கும், ஜெர்கின் கீழே விழப் பார்க்கிறதே என்று அதை எடுத்து வேறு ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். “அண்ணா, பாக்கெட்ல என்னா, படிக்கல்லா? இவ்வளவு கனமா இருக்கு” என்று உள்பையின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தான். ஆறு தோட்டாவும் உள்ளே இருந்தன. அந்தத் துணி உறைக்கு மேல் அவன் விரல் எங்கே பட்டிருக்கும் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. அன்று மாலையே அந்த உறையைக் கத்தரித்துப் போட்டேன்.

குளிர் நாட்டுக்கு உறை தேடும் யாருக்கும் என் முதல் வார்த்தை இதுதான்: உறை உடம்பைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், மேலங்கியைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. கோட்டு, ஜெர்கின், சால்வை எல்லாம் கழற்றி மாட்டுகிற பொருள்கள். இடுப்புப் பட்டையை வீடு திரும்பும்வரை யாரும் கழற்றுவதில்லை. சிம்லாவில் ஆறு மாதம் கோட்டைக் கழற்ற முடியாது என்று தம்பி சொன்னாரே, அது வெளியே நிற்கும்போதுதான் உண்மை. அங்கே அறைக்குள் ஹீட்டர் எரியும். முதலாளி வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டை வாங்கி மாட்ட ஆள் வருவார். நாளுக்கு ஒரு முறை ஜெர்கினைக் கழற்றும் எனக்கே இந்தக் கதி என்றால், நாளுக்கு எட்டு முறை கோட்டைக் கழற்றி மாட்டப்போகிற அவர் என்ன பாடுபடுவார்?

வெளிநாடுகளில் கோட்டுப் பையில் வைக்கும் பழக்கம் பழமையானது. அதற்கென்றே குதிரை, அதாவது தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தி, வெளியே தெரியாத ரிவால்வர்களைச் செய்தார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1952இல் கொண்டுவந்த சென்டினியல் அந்த வகை. குதிரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பையின் துணியில் மாட்டும், அதனால் அதை உள்ளே மறைத்தார்கள். நம்மிடம் இருக்கும் .32இல் குதிரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பெண்களுக்கென்று 2014இல் வந்த 500 கிராம் ‘நிர்பீக்’ ரிவால்வரிலும் அப்படித்தான். ஆகவே பையில் வைப்பது, மாட்டி ஆணியில் தொங்கவிடும் ஆபத்து ஒருபுறம் இருக்க, ஆயுதத்தின் உருவத்துக்கே பொருந்தாது.

உடம்பில் எந்த இடம் என்பது அடுத்த கேள்வி. என் விஷயத்தில் வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால், கால்சட்டைக்கு வெளியே, பட்டையில் உயரமாக ஏறி நிற்கும் உறை. பைக்கில் குனிந்து உட்காரும்போது தாழ்ந்த உறை சீட்டில் முட்டி ரிவால்வரை மேலே தள்ளும். உயரமாக நிற்பது தள்ளாது, ஆனால் பிடி விலாவில் உரசும். அந்த உரசலை ஒரு வாரத்தில் உடம்பு பழகிக்கொள்ளும். கால்சட்டைக்கு உள்ளே செருகும் உறை வெயில் காலத்துக்கு நன்றாக மறைக்கிறது என்றாலும், குளிருக்கு உள்ளாடை தடித்துவிட்ட இடுப்பில் அது இறுக்கும். மேலும் ஸ்வெட்டருக்குள் வியர்க்கிற வியர்வை அத்தனையும் இரும்பில் இறங்கும்.

தம்பியின் நிலைமை வேறு. அவர் முதலாளியின் காரில் முன் இருக்கையில், டிரைவருக்கு இடப்பக்கம் உட்காருவார். அந்த இருக்கையின் சீட் பெல்ட் இடது தோளிலிருந்து இறங்கி வலது இடுப்பருகே பூட்டுகிறது. வலது இடுப்பில் உறை இருந்தால் பூட்டும் ரிவால்வரின் பிடியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். மேலே கோட்டு வேறு அந்த இடத்தில் மடிந்து கிடக்கும். ஆகையால் தொப்புளுக்கு இடப்புறம் நான்கு விரல் தள்ளி, பிடி வலக்கைப் பக்கம் சாய்ந்து நிற்கும் குறுக்கு உறையை அவருக்குச் சொன்னேன். கோட்டின் ஜிப்பைப் பாதி இறக்கினால் கை நேராகப் பிடியில் போய் விழும். இந்த உறையில் ஒரு குறை உண்டு. உருவும்போது குழலின் வாய் இடப்பக்கத்தைத் தடவிக்கொண்டுதான் முன்னால் வரும். காரில் அந்தப் பக்கம் கதவுதான் இருக்கிறது. ஆனால் இறங்கி நடக்கும்போது முதலாளியைத் தன் வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லியிருக்கிறேன்.

அலாஸ்காவில் மீன் பிடிக்கப் போகிறவர்களும் காட்டு வழிகாட்டிகளும் மார்பில் குறுக்காகக் கட்டும் உறையை விரும்புவதற்குக் காரணம் உண்டு. இடுப்புவரை ஏறிய ரப்பர் கால்சட்டையும் முதுகுப்பையின் பட்டையும் இடுப்பை அடைத்துவிடுவதால், கைக்கு எட்டும் இடம் மார்பு ஒன்றுதான். கரடி நடமாடும் இடத்தில் அதை மறைக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. நமக்கு அது பொருந்தாது. அக்குளில் தொங்கும் தோள் உறையும் எனக்குப் பிடிக்கவில்லை. கோட்டைக் கழற்றினால் முழுதும் வெளியே தெரியும், படுக்கையாக மாட்டும் வகையில் குழலின் வாய் பின்னால் நிற்பவரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி உடை. நம் ஊரில் பனியன், அதன் மேல் சட்டை, சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜெர்கின் என்றுதான் போடுவோம். இப்படிப் போட்டால் உறையின் மேல் மூன்று துணிகள் தொங்கும். அவசரத்தில் இடக்கையால் மூன்றையும் ஒன்றாகச் சுருட்டித் தூக்கினால் கண்டிப்பாக ஒன்று கையிலிருந்து நழுவிப் பிடியின் மேல் விழும். காலி ரிவால்வரை வைத்து நான் இருபது முறை செய்து பார்த்ததில் ஆறேழு முறை சட்டையின் நுனி என் கட்டைவிரலுக்கும் பிடிக்கும் நடுவே வந்து சிக்கியது. அதனால் இப்போது ஸ்வெட்டரைச் சட்டைக்கு உள்ளே போடுகிறேன். பனியனும் ஸ்வெட்டரும் கால்சட்டைக்குள் செருகப்பட்டுவிடுகின்றன. அவற்றுக்கு மேல் பட்டை, பட்டையில் உறை, அதற்கு மேல் தளர்ந்த சட்டை, கடைசியாக ஜெர்கின். தூக்க வேண்டியது இரண்டு துணிதான். பத்து மணிக்கு ஜெர்கின் போனாலும் சட்டை உறையை மூடிக்கொண்டிருக்கிறது. மண்டியில் யார் கண்ணுக்கும் எதுவும் தெரிவதில்லை. பட்டைக்கு அளவெடுக்கப் போகும்போதும் இந்தக் குளிர் உடைகளைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். பட்டை ஒன்றரை அங்குல அகலத்தில் இரட்டைத் தோலாக, மடங்காத விறைப்போடு இருக்கட்டும். பட்டை நுழையும் உறையின் காது அந்த அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். காது தளர்ந்த உறை, உருவும்போது ரிவால்வரோடு சேர்ந்து மேலே வந்துவிடும்.

கையுறை பற்றிப் பேசாமல் குளிர்கால உறையைப் பற்றிப் பேச முடியாது. லடாக்கில் இருந்தபோது இரட்டைக் கையுறை போடுவோம். உள்ளே மெல்லியது, வெளியே தடித்தது. உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் வெறும் விரல் இரும்பில் பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அங்கே எங்கள் பிஸ்டல் உறைக்கு மடல் மூடி இருந்தது. பிடியின் வளையத்திலிருந்து தோளுக்கு ஒரு கயிறு போகும். மடலைத் திறக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. போர்முனையில் ரைஃபிள்தான் முதல் ஆயுதம் என்பதால் அதைப் பொறுத்துக்கொண்டோம். தனியாகப் பணம் எடுத்துப் போகிறவனுக்கு அது ஆகாது.

கையுறை போட்ட விரல் தடித்த விரல். அதற்குத் தொடு உணர்வும் குறைவு. சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையைச் சுற்றிய வளையத்துக்குள் அது நுழைந்தால், நுழைந்ததே சில நேரம் தெரியாது. எனவே உறை அந்த வளையத்தை முழுக்க, இரு பக்கமும் மூட வேண்டும். விசை சிறிதளவு வெளியே தெரிந்தாலும் அந்த உறையைத் தொடாதீர்கள். அதே சமயம் பிடியைச் சுற்றிக் கையுறையோடு நான்கு விரலும் முழுதாக வளைந்து இறங்க இடம் இருக்க வேண்டும். பல உறைகளில் தோல் பிடிவரை ஏறி நின்று நடுவிரலைத் தடுக்கிறது. வெறுங்கைக்கு அது தெரியாது, கையுறைக்குத் தெரியும். கடைக்குப் போகும்போது கையுறையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

எடுப்பதைவிடத் திரும்ப வைப்பதில்தான் அதிக ஆபத்து. ஜெர்கினின் அடிவிளிம்பில் இறுக்குவதற்காக ஒரு நாடாவும், அதன் நுனியில் பிளாஸ்டிக் கொக்கி ஒன்றும் தொங்குமே, ஒரு மாலை வீட்டில் காலி ரிவால்வரை உறையில் வைத்துப் பழகிக்கொண்டிருந்தபோது அந்தக் கொக்கி வளையத்துக்குள் நுழைந்து, ரிவால்வர் உள்ளே இறங்க இறங்க விசையைப் பின்னால் இழுத்தது. குதிரை மெல்லத் தூக்குவதை என் கட்டைவிரல் உணர்ந்ததால் நிறுத்தினேன். அன்றிலிருந்து இரண்டு வழக்கங்கள்: ஜெர்கினின் நாடாவை உருவி எறிந்துவிடுவேன், உறையில் வைக்கும்போது குதிரையின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு, துணியை இடக்கையால் நன்றாக விலக்கி, கண்ணால் பார்த்துக்கொண்டேதான் வைப்பேன். அவசரமாக உருவ வேண்டிய நேரம் வாழ்க்கையில் வரலாம், வராமலும் போகலாம். அவசரமாக உறையில் வைக்க வேண்டிய நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

எந்தப் பொருளில் செய்தது என்பதில் நான் தோலின் பக்கம். கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறைகள் இப்போது வருகின்றன. அவை ஈரத்தை உறிஞ்சுவதில்லை, வாய் சுருங்குவதில்லை, வைக்கும்போது டக்கென்று பிடிக்கின்றன. ஆனால் அவை ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக வார்க்கப்படுகிறவை. வெளிநாட்டுப் பிஸ்டல்களுக்கு வார்த்தது நம் .32 ரிவால்வருக்குப் பொருந்தாது. பொருந்தும் என்று சொல்லி விற்பதை நம்பக் கூடாது. கடுங்குளிரில் அந்தப் பிளாஸ்டிக் விறைத்து, கீழே விழுந்து மோதினால் விரிசல் விடவும் கூடும். எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே அளவு என்று விற்கும் நைலான் உறையோ வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும் விறைப்பே இல்லாதது. ரிவால்வரை எடுத்ததும் பட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே அப்பளம் போல ஒட்டிக்கொள்கிறது. திரும்ப வைக்க வேண்டுமானால் வாயைக் குழலாலேயே நெம்பித் திறக்க வேண்டும். விலை குறைவு என்பதைத் தவிர அதில் நல்லது ஒன்றையும் நான் காணவில்லை.

தோலில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் ஏறினால் வாணியம்பாடி, ஆம்பூர். தோலே வாழ்க்கையாக இருக்கும் ஊர்கள். அங்கே போய்த் தோல் என்று மட்டும் கேட்டால் குரோம் உப்பில் பதனிட்ட மெத்தென்ற தோலைக் காட்டுவார்கள். செருப்புக்கும் சட்டைக்கும் அது நல்லது. உறைக்கு ஆகாது: வடிவம் நிற்காது, அதில் தங்கும் உப்பு காலப்போக்கில் இரும்பைத் துருவேற்றும். நாம் கேட்க வேண்டியது பட்டைத் தோல், அதாவது மரப்பட்டையில் பதனிட்டது. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தமிழ்நாட்டில் தோல் பதனிட்டார்கள். இன்று பெரும்பாலும் வேட்டில் மரப்பட்டைச் சாறு. இந்தத் தோலைத் தண்ணீரில் நனைத்து அச்சின் மேல் அழுத்திக் காயவிட்டால், அச்சின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொண்டு பலகை போல விறைக்கும். 

எனக்கு உறை செய்தவர் எழுபது வயதைக் கடந்த தோல் கைவினைஞர். ரிவால்வரை அவரிடம் இரண்டு நாள் விட்டுவிட்டு வர சட்டமும் இடம் கொடுக்காது, எனக்கும் மனம் வராது. ஆகவே எங்கள் ஊர்த் தச்சரிடம் மாமரக் கட்டையில் என் ரிவால்வரின் அளவுக்கு ஓர் அச்சுச் செதுக்கச் சொன்னேன். தோட்டாக்கள் இருக்கும் உருளையின் புடைப்பு, வளையத்தின் வளைவு, குழலின் நீளம் எல்லாம் நூல் பிசகாமல் வந்தது. பெரியவர் அந்தக் கட்டையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, விசை வளையம் இருந்த இடத்தில் ஒரு தோல் துண்டை ஒட்டிப் புடைப்பாக்கினார். “கையுறை போடுவீங்கன்னு சொன்னீங்களே தம்பி, இங்க இறுக்கம் வேணாம். உருளைய மட்டும் நான் இறுக்கிப் பிடிக்கறேன்” என்றார். ஈரத்தோலை அச்சின் மேல் போர்த்தி, எருமைக் கொம்புத் துண்டால் உருளையின் விளிம்பைச் சுற்றி அரை மணி நேரம் தேய்த்துத் தேய்த்து வடிவம் எடுத்தார். வாயைச் சுற்றி இன்னொரு தோல் பட்டையை இரட்டையாகத் தைத்தார். ரிவால்வர் வெளியே வந்த பிறகும் வாய் திறந்தபடியே நிற்க அந்த இரட்டைத் தையல்தான் காரணம். நம் .32 தோட்டா போடுவதற்கு நடுவில் முறிந்து திறக்கும் வகை என்பதால் அதன் பூட்டு நெம்பு இடப்பக்கம், குதிரைக்கு அருகில் இருக்கிறது. உறையின் உள்தோல் அந்த நெம்பின் மேல் அழுத்தாதபடி அங்கே ஒரு பள்ளம் விடும்படி மட்டும் நானே சொன்னேன்.

பிடியின் மேல் ஒரு பாதுகாப்புப் பட்டை அவசியம். பைக் குழியில் இறங்கினால் 700 கிராம் இரும்பு தானாகத் துள்ளும். வெல்க்ரோ வைத்த பட்டையை வாங்காதீர்கள். ஸ்வெட்டரின் நூல் பிசிறு இரண்டே மாதத்தில் அதில் அப்பிக்கொண்டு பிடிப்பு போய்விடுகிறது. பிரஸ் பட்டன் வைத்து, கட்டைவிரல் தள்ளும் முனையில் உள்ளே ஒரு தகடு தைத்ததாக இருக்கட்டும். மரத்துப்போன விரலோடும் கையுறையோடும் அது ஒரே தள்ளலில் திறக்கிறதா என்று வீட்டு வாசலில், விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று சோதித்துப் பாருங்கள்.

பராமரிப்பில் குளிர் நாட்டுக்கென்று இரண்டு விஷயங்கள். குளிரிலிருந்து வெம்மையான அறைக்குள் வரும்போது இரும்பு வியர்க்கும். அந்த ஈரம் உருளைக்குள்ளும் போகும். லடாக்கில் அதனாலேயே சூடான பங்கருக்குள் ஆயுதத்தை அடிக்கடி கொண்டுபோக மாட்டோம். சிம்லாவில் வெளியே போட்டுவைக்க முடியாது. எனவே இரவில் அறைக்கு வந்ததும் தோட்டாக்களை எடுத்து, ரிவால்வரை உறையிலிருந்து வெளியே எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, பூட்டிய பெட்டியில் தனியாக வைக்க வேண்டும். தோல் உறைக்குள்ளேயே விட்டால், தோல் குடித்த ஈரம் முழுவதும் இரும்புக்குப் போகும். நனைந்த உறையை ஹீட்டர் பக்கத்தில் காயவைக்கக் கூடாது, சுருங்கிவிடும். நிழலில் காயட்டும். எண்ணெயைக் குளிரில் குறைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது தடித்து அசைவை மந்தமாக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழியில் நம் வீட்டுப் பாட்டிலிலேயே உறைந்து கிடப்பதைப் பார்க்கிறோமே! உறைக்கும் அதைத் தடவாதீர்கள். ஒரு நண்பர் பளபளப்புக்காகத் தடவித் தடவி, நல்ல பட்டைத் தோல் உறையின் வாய் துவண்டு, மடிந்து உள்ளே சரியும் அளவுக்கு இளகிவிட்டது. தேன்மெழுகை ஆண்டுக்கு இரண்டு முறை லேசாகத் தேய்த்தால் போதும்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பொது இடத்தில் துப்பாக்கியை எடுத்துக் காட்டுவதைத் தடை செய்கின்றன. நல்ல உறையும் மறைக்கும் சட்டையும் அந்த விதியை மதிப்பதன் ஒரு பகுதி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் வழியெல்லாம் காடு. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. யானைக்குப் பயந்து எடுத்துப் போகிறேன் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்; .32 யானைக்கு எதிரான ஆயுதமே அல்ல, அதற்குக் கோபமூட்டும் ஆயுதம். அந்தப் பக்கம் போகிற நாளில் என் உறை வீட்டில் காலியாக இருக்கும். தேர்தல் அறிவித்ததும் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறோமே, அந்த வாரங்கள்தான் உறையின் தையலைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய நல்ல நேரம்.

தம்பிக்கு இவ்வளவையும் சொன்ன பிறகு, “அண்ணா, அந்த மாமரக் கட்டை இன்னும் இருக்கா?” என்று கேட்டார். அவருடையதும் என்னுடையதைப் போன்ற அதே .32தான், அதே அச்சு பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்தார். அட்டைப் பெட்டியிலிருந்து கட்டையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். சிம்லாவுக்கென்று வாங்கிய தடித்த கோட்டையும் கம்பளிக் கையுறையையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில், பகல் பன்னிரண்டு மணி வெயிலில், அந்தக் கோட்டையும் கையுறையையும் போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். என் பழைய பட்டையைச் சீட் பெல்ட்டாக அவர் மேல் குறுக்கே பிடித்துக்கொண்டேன். கட்டையை இடுப்பில் இங்கேயும் அங்கேயும் செருகிப் பார்த்து, தொப்புளிலிருந்து நான்கு விரல் என்று நான் சொன்னதை அவர் ஐந்து விரல் என்று திருத்தினார். அவர் வயிறு என்னுடையதைவிடச் சற்றுப் பெரிது, அவர் சொன்னதே சரி. அந்த இடத்தில் பட்டையின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, மாலை வண்டிக்கு ஆம்பூருக்குக் கிளம்பினார்.